பாங்கு முடியும்வரை

ஸ்கூடாய் ஊர் மளிகைக் கடையில் இன்று முட்டை அட்டையின் ஈரக் காகித வாசனை மூக்கில் ஏறியதும், சித்தப்பாவின் ராக் குழு ஒத்திகை பார்த்த அறைக்குள், என் சிறுவயதுக்கே, போய்விட்டேன். சத்தம் வெளியே போகாதிருக்கச் சுவரெங்கும் முட்டை அட்டைகளை ஒட்டி, ஃபேக்டரி வேலை முடிந்து வந்த நால்வரும் சிங்கப்பூர் வானொலியில் கேட்ட பிரிட்டிஷ் பாட்டுகளை அதிர அதிர வாசிப்பார்கள். பக்கத்துப் பள்ளிவாசலில் மாலைத் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு கேட்டால் பாதி வரியில் நிறுத்தி அசையாமல் நிற்பார்கள்; முடிந்ததும், யாரும் தாளம் எண்ணாமலே, ஒரே நொடியில் விட்ட சொல்லிலிருந்து தொடங்குவார்கள். ஒருநாள் கேட்டேன்.

“எப்படி சித்தப்பா?”

“பாட்டு நிக்கலம்மா. நாங்கதான் கொஞ்ச நேரம் வாசிக்கல.”

அந்த வீடு இருந்த இடத்தில் இப்போது நெடுஞ்சாலை. கடை வாசலுக்கு வந்தேன். மாலைப் பாங்கு முடிந்துகொண்டிருந்தது. முடிந்ததும் என் கால் தானாகத் தட்டத் தொடங்கியது, விட்ட இடத்திலிருந்து.