பல்ஸ்தாலுக்கு ஒரு திருவிழா

பிள்ளையார் மேல் பாரத்தைப் போட்டுவிட்டுத்தான் சந்திரமதி எதையும் தொடங்குவாள். சுவிசில் பல்ஸ்தால் என்ற சின்ன ஊரில், முதியோர் இல்லச் சமையலறையில் அவளுக்கு வேலை. ஞாயிறு வந்தால் பஸ்சும் ரயிலும் மாறிச் சோலோதுர்ன் நகரத்துப் பிள்ளையார் கோயிலுக்குப் போய்விடுவாள். அவளுக்கு இருந்தது ஒரேயொரு ஆசை. வருடத் திருவிழாவில் ஒரு நாள் தங்கள் ஊரின் பேரில் நடக்க வேண்டும்.

அந்தக் கோயிலில் தமிழர் தொகை கூடிய ஊர்களுக்கே திருவிழா நாட்கள். எந்த ஊரின் உபயமோ, அந்த ஊர் ஆண்கள்தான் சுவாமியைத் தோளில் சுமப்பார்கள். பல்ஸ்தாலில் இருப்பதோ மூன்று தமிழ்க் குடும்பம். அவள் கேட்கும்போதெல்லாம், கோயில் தலைவர் குணசேகரம் தலையை எண்ணிவிட்டு வரச் சொல்வார். சோலோதுர்ன்காரர் வயிற்றில் இருக்கிற பிள்ளையையும் சேர்த்தல்லவா எண்ணுகிறார்கள் என்று அவள் கணவர் நித்தியானந்தன் பகிடி பண்ணுவார்.

ஒருநாள் மகள் மதுஜா, பள்ளிக்கூடத்தில் படித்ததைச் சாப்பாட்டு மேசையில் சொன்னாள். அமெரிக்கா தொடங்கிய காலத்தில் பெரிய மாநிலங்கள் ஆட்தொகைப்படி சபையில் இடம் கேட்டனவாம். சின்ன மாநிலங்கள் எல்லாருக்கும் சமம் வேண்டும் என்று நின்றனவாம். கோடைகாலம் முழுக்கக் கதவைச் சாத்திவைத்துச் சண்டை. கடைசியில் ஒரு சபைக்குத் தலைக்கணக்கு, மற்றச் சபையில் எல்லா மாநிலமும் சமம் என்று தீர்த்தார்களாம். அதைப் பார்த்துத்தான் சுவிசும் இரண்டு சபை வைத்ததாம். சந்திரமதி சோற்றை மறந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

கோயிலின் அடுத்த பொதுக்கூட்டத்தில் எழும்பி அதையே சொன்னாள். குணசேகரம் சிரித்தார்.

"அமெரிக்கா எங்கை, எங்கடை கோயில் எங்கை, தங்கச்சி?"

"அமெரிக்காவை விடுங்கோ அண்ணை. இஞ்சை சுவிஸ் மேல்சபையிலை பெரிய சூரிச் மாநிலத்துக்கும் ரெண்டு பேர், சின்ன ஊரி மாநிலத்துக்கும் ரெண்டு பேர்தானே. நிர்வாகசபைக்குத் தலையை எண்ணுங்கோ. திருவிழாவை ஊருக்கு ஒரு நாளாத் தாங்கோ. எங்கடை மூண்டு வீட்டுக்கும் அவர் பிள்ளையார்தானே."

குணசேகரம் அதை வாக்குக்கு விட்டார். கைகள் உயர்ந்தன, சோலோதுர்ன் பக்கத்திலிருந்தும்.

பல்ஸ்தாலின் நாளும் வந்தது. மூன்று வீடும் சேர்ந்து பூக் கட்டி, மோதகம் அவித்து, பாயாசம் காய்ச்சி வைத்திருந்தன. அந்தச் சந்தோசத்தில் ஒன்றை மட்டும் மறந்துபோனார்கள். சுவாமி வாகனத்தைச் சுமக்கும் தண்டுக்கு எட்டுத் தோள் வேண்டும், ஊரில் இருந்ததோ நாலு ஆண்கள். மேளம் முழங்கியது, சுவாமி அசையவில்லை. சந்திரமதி தண்டருகே போய் நின்று ஆண்களை மறுபடி எண்ணினாள்.

குணசேகரம் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

"தலையை எண்ண வேண்டாம் எண்ட ஆக்களுக்கு இப்ப தலை காணாதோ?"

"ஓம் அண்ணை. நாளுக்கு ஊரை எண்ணுவம், தோளுக்கு ஆளை எண்ணுவம்."

அவர் வயிறு குலுங்கச் சிரித்தபடி தண்டுக்குத் தோள் கொடுத்தார். பின்னாலேயே சோலோதுர்ன் இளந்தாரிகள் மூவர் ஓடிவந்தார்கள். ஐயர் பல்ஸ்தால் பேரைச் சொல்லித் தீபம் காட்ட, பிள்ளையார் ஆடி ஆடி வெளிவீதிக்குப் புறப்பட்டார்.