எண்ணெய் தடவாத அரக்கன்

எங்கள் தீவின் ஹேடோ குவார்ட்டர்ஸில் பூஜை நாடகத்துக்கு ஓர் அரக்கன் தேவைப்பட்டான். முகமூடி நான் செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

களிமண்ணில் முகம் பிடித்து, அதன்மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பூசி, இறுகியதும் மண்ணைத் தோண்டி எடுத்தேன். அச்சு தயார். மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்த லேடெக்ஸை, அதாவது ரப்பர் பாலை, ஊற்றப் போகும்போதுதான் சோபாவில் கிடந்த என் கணவர் கண் திறந்தார்.

"இட்லித் தட்டுக்கே எண்ணெய் தடவித்தானே ஊத்துற? தடவலைன்னா எப்படிம்மா ஒட்டாம வரும்?"

நியாயமாகப் பட்டது. தேங்காய் எண்ணெயைத் தாராளமாகத் தடவினேன். பிளாஸ்டர் ஈரத்தை உறிஞ்சினால்தான் ரப்பர் தோலாகப் படியும், எண்ணெய் பட்டால் ரப்பரே கெட்டுவிடும் என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. அரக்கனின் மூக்கும் வாயும் பிசுபிசுவென்று என் கையோடு வந்தன.

"மாவு புளிக்கலை போல," என்றார் அவர்.

எண்ணெய் குடித்த அச்சைத் தூக்கிப் போட்டேன். அவர் வாய் பிளந்து தூங்கும் மதியமாகப் பார்த்து, யாரிடமும் யோசனை கேட்காமல், எதிரே உட்கார்ந்து, நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்தபடி புது முகம் பிடித்தேன். இந்த முறை எண்ணெய் இல்லை. அச்செடுத்து ஊற்றிய ரப்பர் காய்ந்ததும் டால்கம் பவுடர் தூவி உரித்தேன். அரக்கன் முழுசாக வந்தான்.

அளவு பார்க்க அவரே மாட்டிக்கொண்டார். அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு பெங்காலி அக்கா கதவைத் தட்ட, அரக்கனே போய்த் திறந்தான். அக்கா திடுக்கிடவே இல்லை.

"பையா, ஆஜ் டியூட்டி நஹி?" என்று இந்தியில், இன்று டியூட்டி இல்லையா என வழக்கம்போல விசாரித்தார்.

அக்கா போன பிறகு கணவர் முகமூடியைக் கழற்றி, சிறிது நேரம் அதன் மூக்கையே பார்த்தார்.

"இதுக்கும் எண்ணெய் தடவியிருக்கலாம்."