ரூபி அக்காவுக்கு நான் வாசிக்காமல் விட்ட அதிகாரங்கள்

திங்கட்கிழமை இரண்டாம் பாடம் நடந்துகொண்டிருந்தபோது ரூபி அக்காவின் தம்பி தேவராசா அண்ணை என் வகுப்பு வாசலில் வந்து நின்றார். வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைப் பாடசாலைக்கு அவர் அதற்கு முன் ஒருநாளும் வந்ததில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

“அக்கா நேற்றுப் பின்னேரம் மோசம் போட்டா, பிள்ளை. நித்திரையிலதான். கரைச்சல் ஒண்டும் படேல்லை. இண்டைக்கு நாலு மணிக்கு அடக்கம்.”

நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் போகத் திரும்பியவர், மறந்துபோன ஒன்றைச் சொல்வதுபோலச் சொன்னார்: “ஞாயிற்றுக்கிழமை சபையில நினைவுக் கூட்டம் வைக்கிறம். நீர்தான் கதைக்கவேணும். வேதம் முழுக்க அவவுக்கு வாசிச்சுக் காட்டினது நீர்தானே.”

நான் “ஓம்” என்றேன்.

அந்தக் கூட்டத்தில் நான் பேசியதை உங்களில் பலர் கேட்டீர்கள். சிலர் அழுதீர்கள். வெளியே வந்து என் கையைப் பிடித்து, “நீங்கள் பாக்கியசாலி” என்றும் சொன்னீர்கள். அன்று நான் சொல்லாததைச் சொல்லவே நமது சபைப் பத்திரிகையில் இடம் கேட்டு வாங்கினேன். ரூபி அக்காவை அறிந்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். அவரை அறியாதவர்களுக்கு நான் செய்தது சின்ன விஷயமாகத் தோன்றலாம்.

காலி வீதிக்கும் கடற்கரை றெயில் பாதைக்கும் நடுவிலுள்ள ஒழுங்கையில் ரூபி அக்காவின் வீடு இருந்தது. பயிற்சி முடித்து ஆசிரியையாகக் கொழும்புக்கு வந்த காலத்தில் அவருடைய முன் அறையில் நான் தங்கியிருந்தேன். அவர் தையற்காரி. அந்தப் பகுதிப் பெண்பிள்ளைகளில் பாதிப்பேரின் பள்ளிச் சட்டை அவர் கையால் தைத்ததுதான். கணவர் இளவயதிலேயே இறந்துவிட்டார். ஒரே மகன் ஜெயம் பத்தொன்பது வயதில் கடலில் குளிக்கப் போய் இறந்தான். நான் அந்த வீட்டுக்குப் போனபோது அவருடைய கண்ணும் மங்கத் தொடங்கியிருந்தது. ஊசியில் நூல் கோக்க என்னைக் கூப்பிட்டார். பிறகு துணியின் நிறம் கேட்டார். ஜெர்மனியோடு யுத்தம் தொடங்கிய வருடம் முடிவதற்குள் வெளிச்சமும் இருட்டும் மட்டும்தான் தெரிந்தன.

மெசின் மூடப்பட்ட பிறகுதான் அவருக்கு அந்த எண்ணம் வந்தது. பிறந்த நாள் முதல் கோயிலுக்குப் போகிறவர். ஆனால் ஞாயிறு பாடங்களில் கேட்டதைத் தவிர வேதாகமத்தை அவர் முழுதாக வாசித்ததில்லை. தைத்துத் தைத்து நேரம் போய்விட்டது என்றார். தை மாதம் முதலாம் தேதி தொடங்கி மார்கழி முடிய முன் ஆதியாகமம் முதல் வெளிப்படுத்தல் வரைக்கும் கேட்டு முடிக்கவேண்டும். வாசிக்க நான் இருந்தேன்.

தான் மட்டும் கேட்டால் போதும் என்று அவர் இருக்கவில்லை. என் தோளில் கையை வைத்துக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாக வீடுகளுக்குப் போனார். “எனக்கு ஒராளைக் கெஞ்சவேணும். உங்களுக்கு என்ன? கண் கிடக்குது, லாம்பு கிடக்குது, வேதப்புத்தகம் அலுமாரியில சும்மா கிடக்குது” என்றார். கண் தெரியாத ஒருத்தி வந்து வாசியுங்கள் என்று கேட்கும்போது யாரால் மறுக்க முடியும்? பதினொரு பெண்கள் சம்மதித்தார்கள். மாதத்துக்கு ஒருமுறை எல்லோரிடமும் போய், எந்த இடத்தில் நிற்கிறீர்கள் என்று விசாரிப்பார். லேவியராகமத்தில் இரண்டு மாதமாக நின்ற ஒரு அம்மா, எங்களைக் கண்டதும் பின்பக்கத்தால் கிணற்றடிக்குப் போய்விடுவார். “அவவைக் குழப்பாதையும்,” என்று ரூபி அக்கா சிரிப்பார். “ஒளிக்கிற ஆள் இன்னும் விடேல்லை. விட்ட ஆள் ஒளிக்காது.”

பதினொருவரில் ஒருத்தி செல்லம். பக்கத்து வீட்டில் சமையல் வேலை செய்தவள். அவளுக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கத் தெரியும். ஒரு வசனத்துக்கு ஒரு நிமிடம் எடுக்கும். வருடத்துக்குள் தன்னால் முடிக்க இயலாது என்று அழுதபோது ரூபி அக்கா சொன்னார்: “ஒரு வருசம் எண்டு சொன்னது நான். கர்த்தர் சொல்லேல்லை. நீ உன்ர பாட்டில வா.”

எங்கள் வாசிப்பு நேரம் பின்னேரம் ஐந்து மணி. நான் கதிரையில், அவர் மடியில் சுளகோடு நிலத்தில். போஞ்சி நறுக்குவார், இல்லாவிட்டால் அரிசியில் கல் பொறுக்குவார். விரலே கண்ணாக இருந்தது. வீட்டுக்குப் பின்னால் றெயில் போகும்போது கையை உயர்த்துவார். “நிப்பாட்டும், பிள்ளை. ஒரு சொல்லையும் றெயிலுக்குக் குடுக்கக்கூடாது.” சத்தம் ஓய்ந்த பிறகு அந்த வசனத்தை முதலிலிருந்து வாசிக்கவேண்டும். முடிந்ததும் புத்தகத்தை வாங்கி, பெருவிரலால் இரண்டு பக்கத்துத் தடிப்பையும் தடவிப் பார்ப்பார். வந்த தூரம் இவ்வளவு, போகும் தூரம் இவ்வளவு. அது அவருக்குப் பெரிய சந்தோஷம்.

நான் முதலில் விட்டது எண்ணாகமத்தில். கோத்திரம் கோத்திரமாக ஆட்களை எண்ணிக்கொண்டே போகும் பகுதி. அன்று எனக்குத் தலையிடி. ஒரு பக்கத்தைத் திருப்பவேண்டிய இடத்தில் மூன்று பக்கத்தைத் திருப்பினேன். அவர் கவனிக்கவில்லை. யோசுவாவில் எல்லைகள் வந்தபோது தலையிடி இல்லாமலேயே விட்டேன். அந்த நாட்களில் ஹெவ்லொக் டவுனில் ஒரு சிநேகிதி வீட்டில் நாங்கள் சிலர் ஆசிரியர் பரீட்சைக்குச் சேர்ந்து படித்தோம். ஆறு மணிக்கு அங்கே நிற்கவேண்டும். பரீட்சைக்காக மட்டும் நான் ஓடவில்லை. அங்கே படிக்க வந்த ஒருவரைத்தான் பிறகு மணம் முடித்தேன். வைகாசி மாதத்தில் ஒருநாள் அவர் ஊருக்குப் போகமுன் பார்த்துவிட வேண்டும் என்ற அவசரத்தில், சாமுவேலின் இரண்டாம் புத்தகத்தின் கடைசி அதிகாரங்களை என்ன ஏது என்றுகூடப் பாராமல் அப்படியே தாண்டினேன்.

ரூபி அக்கா பெருவிரலால் தடவிப் பார்த்து முகம் மலர்ந்தார். “இண்டைக்கு நல்லா ஓடியிருக்கிறம், பிள்ளை. உமக்குத் தொண்டை காய்ஞ்சிருக்கும். தேத்தண்ணி போட்டுத் தரட்டே?”

வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

அடுத்த வருடப் பிறப்பு ஆராதனையில், வேதாகமத்தை முடித்தவர்களை எழுந்து நிற்கும்படி போதகர் கேட்டார். நான்கு பெண்கள் எழுந்தார்கள். ஐந்தாவதாக ரூபி அக்கா என் கையையும் பிடித்துத் தூக்கிக்கொண்டு எழுந்தார். “நான் ஒரு சொல்லும் விடாமக் கேட்டனான், ஐயா. இந்தப் பிள்ளையின்ர வாயால” என்றார். கோயில் முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் குனிந்துகொண்டேன். அதைத் தாழ்மை என்று நினைத்தார்கள்.

இனி நான் சொல்லப்போவதற்கு ஜெயத்தின் கதை உங்களுக்குத் தெரியவேண்டும். ஒழுங்கையில் எல்லோருக்கும் அது தெரியும். கடல் அவனை இரண்டாம் நாள் விடியக் கரையில் போட்டது. மரண விசாரணை அதிகாரி வரும்வரை தொடக்கூடாது என்று பொலிஸ்காரர் ஒரு பாயால் மூடிவிட்டுப் போனார். அதிகாரி வர மத்தியானமாகிவிட்டது. அதுவரை ரூபி அக்கா வெயிலில் அந்த உடலைச் சுற்றிச் சுற்றி ஓடி, சேலைத் தலைப்பை வீசிக் காகங்களையும் கரையோர நாய்களையும் துரத்திக்கொண்டிருந்தார். பிடித்து இருத்த வந்தவர்களைக் கல்லால் எறிந்தாராம். பைத்தியம் பிடித்துவிட்டது என்று சனம் பேசியது. அவரும் அதை நம்பினார். “அண்டைக்கு எனக்குப் புத்தி பிசகிப்போச்சு, பிள்ளை. அவ்வளவு சனத்துக்கு முன்னால தலைமயிர் விரிய ஓடினனான்” என்று என்னிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு அந்தக் கடற்கரைக்கு அவர் போனதில்லை. வீட்டிலிருந்து நூறு அடி தூரம்தான்.

மாசி மாதத்தில் ஒரு பின்னேரம் செல்லம் வேதப்புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடிவந்தாள். மூச்சு வாங்கியது.

“அக்கா, சாமுவேலில ஒரு பொம்பிளை வாறா. ரிஸ்பாள் எண்டு பேர். அவவின்ர ரெண்டு ஆம்பிளைப் பிள்ளையளையும் தூக்கில போட்டு மலையில விட்டிட்டினம். அவ கல்லுக்கு மேல சாக்குச் சீலையை விரிச்சு அங்கயே இருந்திட்டா. பகலில பறவை கிட்ட வராம, ராவில மிருகம் கிட்ட வராம. ராசாவுக்கு அது தெரியவந்து, எலும்புகளை எடுப்பிச்சு மரியாதையா அடக்கம் பண்ணுவிச்சவர். ஆரும் அவவைப் பைத்தியம் எண்டு சொல்லேல்லை, அக்கா!”

ரூபி அக்காவின் கையிலிருந்த சுளகு அசையாமல் நின்றது. முகம் என் பக்கம் திரும்பியது. அந்தக் கண்களுக்கு ஒன்றும் தெரியாது என்று எனக்குத் தெரியும். இருந்தும் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

“உங்களுக்குப் போன வருசமே தெரிஞ்சிருக்கும், என்னக்கா?” என்றாள் செல்லம்.

“ஓம். பிள்ளை வாசிச்சவதான்,” என்றார் ரூபி அக்கா. “நான்தான் நித்திரையாப் போயிருப்பன்.”

செல்லம் போன பிறகு, “இப்ப வாசியும்” என்றார். வாசித்தேன். முடிந்ததும் கேட்டார்: “எவ்வளவு காலம் இருந்தாவாம்?”

“அறுப்புத் தொடங்கினதில இருந்து மழை பெய்யும் மட்டும், அக்கா.”

“நான் அரை நாள்தான்,” என்றார். கண்ணீர் வடிந்தது. துடைக்கவில்லை. கடைசியில் மிக மெதுவாகக் கேட்டார்: “வேற எவ்வளவு விட்டனீர், பிள்ளை?”

கோபம் துளியும் இல்லாத குரல். அப்போது நான் சொல்லியிருக்கலாம். விட்ட ஒவ்வொரு இடமும் எனக்கு நினைவிருந்தது. எல்லாம் சேர்த்து அறுபது அதிகாரம் வரும்.

“இது ஒண்டுதான், அக்கா” என்றேன்.

“சரி” என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து அடுப்படிக்குப் போனார்.

அதற்குப் பின்னும் அவர் வீடு வீடாகப் போய் வாசிக்கச் சொல்வதை நிறுத்தவில்லை. ஆனால் பேச்சில் ஒன்று மாறியிருந்தது. முன்பெல்லாம் “நான் முழுக்கக் கேட்டனான்” என்று தொடங்குவார். இப்போது “நான் கேட்ட மட்டுக்கும்” என்றார். பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும் அது விளங்கியது. அந்த ஆவணியில் எனக்குத் திருமணமாகிக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். அடுத்த வருடம் ஜப்பான்காரரின் குண்டு விழுந்து பாதிக் கொழும்பு ஊருக்கு ஓடியபோதுகூட அவர் வெள்ளவத்தையை விட்டு அசையவில்லை என்று கேள்விப்பட்டேன். மார்கழியில் நத்தாருக்கு நத்தார் கேக் கொண்டு போய்க் கொடுப்பேன். அரை மணித்தியாலம் இருப்பேன். புத்தகத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் எடுக்கவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியதுபோல இருக்கும். அந்த நிம்மதியை நினைக்கத்தான் இப்போது வெட்கமாக இருக்கிறது.

நினைவுக் கூட்டம் முடிந்து எல்லோரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது செல்லம் என்னிடம் வந்தாள். தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. நான் சுவரோரமாக ஒதுங்கி, அவளிடமாவது சொல்லிவிடுவோம் என்று வாயெடுத்தேன். “செல்லம், நான் அக்காவுக்கு எல்லாம் வாசிக்கேல்லை.”

“தெரியும், டீச்சர். அக்கா சொன்னவ.”

“என்ன சொன்னவ?”

“பிள்ளை சிலதை விட்டிருக்கிறா, எது எது எண்டு எனக்குத் தெரியாது எண்டு சொன்னவ. உங்களைக் கேப்பம் எண்டனான். விடேல்லை. ‘இன்னொருக்காக் கேட்டா அந்தப் பிள்ளை இன்னொரு பொய் சொல்லவேண்டி வரும். நாங்கள் முதல்ல இருந்து வாசிப்பம்’ எண்டவ.”

நான் கலியாணம் முடித்துப் போன அடுத்த கிழமையே தொடங்கினார்களாம். கிழமைக்கு நாலு நாள், மத்தியானச் சமையல் முடிந்து, பின்னேரத் தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டும் வரை. எழுத்துக் கூட்டி, ஒரு நாளைக்கு ஒரு அதிகாரம். சில நாள் பாதி அதிகாரம். ஐந்து வருடத்துக்கு மேல்.

“முடிச்சிட்டீங்களே?”

“இல்லை, டீச்சர். எசேக்கியேலில கடைசியா ஆலயத்தின்ர அளவுகள் வருமே, நாப்பதாம் அதிகாரம். அது திங்கட்கிழமைக்கு இருந்தது.”

நாற்பதிலிருந்து புத்தக முடிவு வரையுள்ள அந்த ஒன்பது அதிகாரங்களையும் நான் விட்டவள்தான். நான் விட்ட கடைசி இடம் அது. அதற்குப் பிறகு வருவதெல்லாம் என் வாயால் அவர் கேட்டவை. அன்று அவர் கேட்டபோது உண்மையைச் சொல்லியிருந்தால், செல்லத்தின் வேகத்தில்கூட நாலைந்து மாதத்தில் எல்லாம் முடிந்திருக்கும். “முழுக்கக் கேட்டனான்” என்று மறுபடியும் சொல்லிக்கொண்டு அவர் வீடு வீடாகப் போயிருப்பார். நான் சொல்லாததால், அந்த அறுபதைத் தேடி இரண்டு பெண்கள் ஐந்து வருடம் நடந்தார்கள். ஒன்பது மீந்துவிட்டது.

மன்னிப்பு அவர் தந்தாரா என்று எனக்குத் தெரியாது. அதைக் கேட்கத்தானே நான் போகவில்லை.

இப்போது சனிக்கிழமைகளில் மத்தியானம் செல்லம் வேலை செய்யும் வீட்டுக்குப் போகிறேன். பின்கட்டு மர வாங்கில் இரண்டு பேரும் உட்கார்ந்து எசேக்கியேலை வாசிக்கிறோம். போன கிழமை வெளிப் பிராகாரத்தின் வாசல்கள் வந்தன. முழக் கணக்கும் படிக் கணக்கும் தூண் கணக்கும் ஒன்றுபோலவே இருந்ததால் என் கண் தானாகக் கீழே வழுக்கியது.

“டீச்சர்,” என்றாள் செல்லம், “வடக்கு வாசலை விட்டிட்டியள்.”

திரும்பிப் போய் வாசித்தேன். ரூபி அக்காவிடமிருந்து எனக்கு மீதியிருப்பது இந்த ஒரு மணித்தியாலம்தான்.