அப்பாவைக் கொன்ற விண்ணப்பம்

கல்லூரியில் இடம் வேண்டுமென்றால் வீட்டில் யாராவது செத்திருக்க வேண்டும் என்று நம்பினேன். பதினெட்டு வயது. கோலார் தங்கவயலில் எங்களோடு சுரங்கக் குடியிருப்பில் வளர்ந்தவர்கள் இதற்குச் சிரிக்க மாட்டார்கள். எங்கள் லைனில் ஆபீசுக்கு எழுதும் எந்தக் காகிதமும் அழுதுகொண்டேதான் தொடங்கும். கூரை ஒழுகுகிறது என்று சொல்வதற்குக்கூட முதல் பத்தியில் மூன்று பேர் படுத்த படுக்கையாக இருந்தாக வேண்டும். நானே பல வீடுகளுக்கு எழுதிக் கொடுத்து, கைராசிக்காரன் என்று பெயர் வாங்கியிருந்தேன்.

அப்பா தன் இடத்தில் என்னைச் சுரங்கத்தில் சேர்க்கத் தொழிற்சங்கத்தில் பெயர் கொடுத்து வைத்திருந்தார். எனக்கு விருப்பமில்லை என்பதை வாய் திறந்து சொன்னதில்லை. பெங்களூர்க் கல்லூரி கிடைத்தால் சொல்லாமலே தப்பிக்கலாம். விண்ணப்பத்தில், 'உங்களைப் பற்றி இரண்டு பக்கம் எழுதுக' என்றிருந்தது. சுரங்கத்தின் அடியாழத் தளம் ஒன்றின் லெவல் எண்ணைப் போட்டு, அங்கே பாறையைச் சரித்து அப்பாவைக் கொன்றேன். உடலைக் கேஜில், ஆட்களை இறக்கி ஏற்றும் அந்தக் கூண்டில், ஏற்றி மேலே கொண்டுவந்த இடத்தில் எனக்கே கண் கலங்கியது.

அதன் பிறகுதான் விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தின் அடியைப் பார்த்தேன். தந்தை கையொப்பம். மறுநாள் கடைசித் தேதி.

வாசலுக்கும் தெருக்குழாய்க்கும் நடந்தேன். திரும்பி வந்தேன். மறுபடி நடந்தேன். மாமாவைக் கையெழுத்துப் போடச் சொல்லலாமென்றால், அவரை இரண்டாம் பத்தியிலேயே பெருங்குடிகாரர் ஆக்கியிருந்தேன். இதற்குள் ஷிப்ட் முடிந்து வந்த அப்பா காகிதத்தை எடுத்துவிட்டார். அவருடைய ஆங்கிலம் சுரங்கத்து நோட்டீஸ் போர்டில் கற்றது. தன் சாவைப் படிக்க அது போதும்.

"இன்னாடா, நான் செத்துட்டனா?"

"சும்மா கதைக்குப்பா."

"இந்த லெவல மூடி எத்தினி வருசமாச்சு. சாவறதுக்குன்னே தனியா எறங்கிப் போனனா?"

"எனக்கு இன்னா ஆச்சுன்னு எழுதிகீறான், பாருங்க," என்றார் அம்மா அடுப்படியிலிருந்து.

"உனக்குக் கண்ணு தெரியாதாம்."

"அதான் உங்களக் கட்டிக்கினேன் போல."

அப்பா சிரிக்கவில்லை. "உன்னப் பத்திதான கேட்டுகீறாங்க. இதுல நீ எங்கடா கீற?"

எழுதிய இரண்டு பக்கத்தையும் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்தேன். ஒரு வரி எழுதி அடித்தேன். எழுந்து தண்ணீர் குடித்தேன். தாகமே இல்லை. பிறகு பேனா எழுதியது: எனக்குக் கேஜ் என்றால் பயம். பள்ளியில் கேஜ் இறங்கும் ஷாஃப்ட் குழியைப் பார்க்க அழைத்துப் போனபோது எல்லோரையும் சிரிக்க வைத்துவிட்டு, வயிற்றுவலி என்று சொல்லி மேலேயே உட்கார்ந்துகொண்டேன். பயம் வரும்போதெல்லாம் கிண்டல் செய்கிறேன். அப்பாவின் வேலைக்கு நான் போகமாட்டேன். அவரிடம் சொல்லத் தைரியமில்லாததால் உங்களிடம் சொல்கிறேன்.

என்னைப் பற்றி இவ்வளவும் எனக்கே அப்போதுதான் தெரிந்தது. ஆனால் கையெழுத்துப் போட வேண்டியவர் அதே அப்பா. நீட்டிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று கதவருகே நின்றுகொண்டேன்.

வரிக்கு அடியில் விரல் வைத்து மெதுவாகப் படித்தார்.

"இதுவும் கதையா?"

"இல்லப்பா."

பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். "சங்கத்துல உன் பேர எடுத்துட சொல்றேன்," என்றார். சாப்பிட உட்கார்ந்தார்.

பெங்களூரில் இடம் கிடைக்கவில்லை. மார்க் போதாது என்று கடிதம் வந்தது. கோலாரில் பி.காம். சேர்ந்தேன்.