இருநூறுக்குக் கீழே

நீடாமங்கலம் பக்கத்தில் ஐயாவு என்றால், கொள்முதல் நிலையத்தில் சண்டை போடுகிற ஆளா என்றுதான் கேட்பார்கள். அறுத்த நெல்லை அங்கே கொண்டுபோனால், ஈரப்பதம் பதினேழுக்கு மேல் காட்டுகிற நெல் உள்ளே போகாது. மறுபடி களத்தில் கொட்டு, கிளறு, காயவை, திரும்பவும் வரிசையில் நில். மீட்டரில் எண் இறங்கிவிட்டால் அத்தோடு விவகாரம் முடிந்தது; பிறகு அந்த நெல்லை எவனும் திரும்பிப் பார்ப்பதில்லை. பாதி ஆயுள் அந்த எண்ணோடு மல்லுக்கட்டியே போயிற்று அவருக்கு.

அப்படிப்பட்ட மனிதரிடம் போய் இன்னொரு எண்ணைக் கொடுத்தார்கள்.

மகள் எழில்மொழி ஒன்பதாவது படிக்கும்போது தொண்டை வலியில் ஆரம்பித்தது. அது சரியான பிறகு காய்ச்சல். முழங்கால் வீங்கி, அது வற்றுவதற்குள் கணுக்கால் வீங்கியது. தஞ்சாவூரில் டாக்டர் மர்யம் இரத்தம் எடுத்துப் பார்த்தார். ஏ.எஸ்.ஓ. என்கிற டெஸ்டில் அறுநூறு. இருநூறுக்குள் இருக்க வேண்டியது. தொண்டைக்கு வந்த கிருமியை எதிர்த்து உடம்பு உண்டாக்கிய எதிர்ப்புப் பொருளின் அளவு அது, கிருமி வந்துபோனதற்கு ஒரு தடயம், அவ்வளவுதான் என்றார். இதயத்தை ஸ்கேன் செய்து, இப்போதைக்குப் பழுதில்லை என்றார். ஆனால் அந்தக் கிருமி மறுபடி வந்தால் இதய வால்வைக் கெடுத்துவிடலாம். வராமலிருக்க மூன்று வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி, பல வருஷம், விடவே கூடாது. ஐயாவு தலையாட்டினார். அவர் மனதில் தங்கியது இருநூறு மட்டும்தான்.

அன்றிலிருந்து மாதாமாதம் மகளை லேபுக்கு இழுத்துப்போனார். யாரும் எழுதிக்கொடுக்காத டெஸ்ட். ஐந்நூறு என்றது, மறு மாதம் ஐந்நூற்றைம்பது. ஊசி போட்டும் ஏறுகிறதே என்று லேப் பெண்ணிடம் எரிந்து விழுந்தார். வேறு லேபில் நானூறு என்றார்கள். எதைத்தான் நம்புவது என்று பஸ்ஸில் வழிநெடுக மிஷினைத் திட்டிக்கொண்டே வந்தார். ஊசி போட்ட வலியில் நொண்டுகிற பெண், இரத்தத்துக்கும் கையை நீட்டி நீட்டிச் சலித்துப்போனாள். டாக்டரம்மா இதைத் திரும்பத் திரும்ப எடுக்கச் சொன்னாரா என்று மனைவி பொன்னுத்தாய் கேட்டதற்கு, ஈரம் பார்க்காமல் எவனாவது மூட்டை பிடிப்பானா என்று அவளிடமே பாய்ந்தார்.

சம்பா அறுப்பு சமயத்தில் எண் நூற்றெண்பதுக்கு இறங்கியது. ஐயாவு அந்தத் தாளைப் போட்டோ எடுத்துச் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் அனுப்பினார். காய்ந்த நெல்லை மறுபடி காயவைப்பார்களா என்ன? ஊசியை நிறுத்திவிட்டார்.

ஐப்பசி மழையில் திரும்பவும் தொண்டை வலி, காய்ச்சல். இந்த முறை மூட்டோடு நிற்கவில்லை. ஸ்கேன் பார்த்த மர்யம், வால்வு கசிகிறது என்றார். ஊசி ஏன் நின்றது என்று கேட்டார்.

"நம்பர் எறங்கிடுச்சுங்களே."

மர்யம் ஸ்கேன் தாளை அவர் பக்கம் தள்ளினார். "நம்பருக்கா ஊசி போட்டோம்? பிள்ளைக்குப் போட்டோம்."

வெளியே வந்த ஐயாவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. யார் மேல் காட்டுவது? மிஷினையும் திட்ட முடியவில்லை. நூற்றெண்பது பொய் இல்லை. பொன்னுத்தாய் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூடத் தேவலை. அவள் நர்ஸிடம் அடுத்த ஊசிக்குத் தேதி கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஊசி மறுபடி ஆரம்பமாயிற்று. ஒரு நாள் திருப்பனந்தாளிலிருந்து மைத்துனன் சேரன் போன் செய்தான். இப்போது நம்பர் எவ்வளவு மாமா என்று வழக்கம்போலக் கேட்டான்.

"நம்பரக் கேக்காத சேரா. புள்ள எப்படி இருக்குன்னு கேளு."

சேரன் அதையே கேட்டான். காயப்போட்ட துணியை எடுக்க மொட்டைமாடிக்கு ஏறிய எழில்மொழி, பாதிப் படியில் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தாள். ஐயாவு போனைக் காதில் வைத்தபடி அவளைப் பார்த்துக்கொண்டே நின்றார்.