கேசட்டில் வந்த அம்மா

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. அப்போது நான் ஏற்காட்டில், மஞ்சக்குட்டை போகிற வழியில் ஒரு காபி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்தேன். என் மனைவி சேலத்தில் நர்சாக வேலை பார்த்தவள். எங்கள் மகளுக்கு ஒரு வயது முடிந்த கையோடு மனைவிக்கு அமெரிக்காவில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. அவள் முதலில் போய், அங்கேயே நிரந்தரமாகத் தங்க அனுமதி வாங்கி, அதன்பிறகு கணவனையும் குழந்தையையும் அழைத்துக்கொள்ள மனுப் போட வேண்டும். எல்லாம் ஒரு வருஷத்தில் முடிந்துவிடும் என்று யாரோ சொன்னதை நாங்களும் நம்பினோம். மூன்று வருஷம் ஆயிற்று.

அந்த மூன்று வருஷத்தில் என்னிடம் விசாவைப் பற்றி விசாரிக்காதவை மலைப்பாதைக் குரங்குகள் மட்டும்தான். சர்ச்சை விட்டு வெளியே வந்து செருப்பு மாட்டுவதற்குள் நாலு பேர் கேட்டுவிடுவார்கள். டீக்கடையில் ஒருவர், "ஏனுங்க ரைட்டரே, நர்சம்மா அங்கயே வேற ஊடு பாத்துடுச்சுங்களா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். நானும் கூடச் சேர்ந்து சிரித்து வைத்தேன். ஆனால் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

உண்மையில் எனக்கு விசாவைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. விசா என்றைக்காவது வந்துவிடும். அதற்குள் பிள்ளை தாயை மறந்து போனால் என்ன செய்வது? சுவரில் இருந்த அம்மாவின் போட்டோவைக் காட்டி "யாரு?" என்று கேட்டால், "போட்டோ" என்று சொல்லிவிட்டு ஓடிவிடுவாள்.

பகல் முழுக்க மகளைப் பார்த்துக்கொண்டது பக்கத்து குவார்ட்டர்ஸ் அக்கா. எஸ்டேட் ஜீப் டிரைவரின் மனைவி. அதே மலையில் கரடியூரில் பிறந்து வளர்ந்தவர். குழந்தை இல்லை. என்னை "தம்பி" என்பார். மகளுக்கு அவர் அத்தை.

மனைவி ஒரு டேப் ரிக்கார்டரும், பேசிப் பதிந்த கேசட் ஒன்றும் தெரிந்தவர் மூலமாகக் கொடுத்தனுப்பினாள். ஆசையாகப் போட்டேன். பாதிக்கு மேல் அழுகைதான். குழந்தை மிரண்டுபோய்ப் பெட்டிக்குப் பின்னால் போய் ஆளைத் தேடி, யாரும் இல்லை என்றதும் வீரிட்டு அழுதாள். பெட்டியைத் தூக்கி அலமாரியில் வைத்துவிட்டேன்.

மறுநாள் அக்கா வந்தார். "தம்பி, அந்தப் பொட்டிய எடுத்தாங்க. நர்சம்மாவ அழுவாமப் பேசச் சொல்லி எழுதுங்க. புள்ளைக்குச் சோறூட்டறாப்பல பேசோணும். அது பேசட்டும், நான் ஊட்டறேன்" என்றார்.

எழுதிப் போட்டேன். சில வாரம் கழித்து அடுத்த கேசட் வந்தது. "வந்துட்டியா சாமி? ஆ காட்டு. நல்லா மெல்லு. இன்னொரு வாய்..." என்று மனைவி கடகடவென்று பேசியிருந்தாள். அக்காவுக்குக் கை ஓடவில்லை. ஒரு வாய் உள்ளே போவதற்குள் பெட்டி மூன்று வாய் கேட்டது. "ஏனுங்க தம்பி, புள்ள முழுங்க வேண்டாமுங்களா? நொம்ப அவசரமாப் பேசுது. கொஞ்சம் நேரம் உட்டு உட்டுப் பேசச் சொல்லுங்க" என்றார். அதையும் எழுதினேன். அதற்கும் பல வாரம்.

மூன்றாவது கேசட் அமைந்துவிட்டது. அதே பேச்சுதான், ஆனால் ஒரு வாய், பிறகு இடைவெளி. அக்கா பருப்புச் சோற்றைப் பிசைந்து உருட்டி வைத்துக்கொண்டு குரலுக்குக் காத்திருப்பார். குரல் கேட்டதும் மகள் வாயைத் திறப்பாள். சோறு உள்ளே போகும். அந்த இடைவெளிகளில் எங்கோ ஒரு கார் ஹாரனும், மனைவி மூச்சு விடுவதும் கேட்கும். மகள் சோற்றுக்காகக் காத்திருந்தாள். நான் அந்த மூச்சுக்காகவே மதியம் வீட்டுக்குச் சாப்பிட வந்தேன்.

பேட்டரி தீர்ந்தால் மனைவியின் குரல் ஆம்பளைக் குரலாக இழுக்கும், மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள். அக்கா பேட்டரிகளைக் காபிக் கொட்டை காய்கிற களத்தில் ஓர் ஓரமாக வைத்து வெயில் காட்டி எடுப்பார். மழைக்காலத்தில் நாள்கணக்கில் மூட்டம் விலகாது. அப்போது பேட்டரியை மடியில் கட்டிக்கொண்டே வேலை பார்ப்பார், சூடு ஏறட்டும் என்று.

ஒருநாள் மகள் வாசலில் விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டாள். அலறிக்கொண்டு போய் அக்காவின் காலைக் கட்டிக்கொண்டு, "அம்மா" என்றாள். அக்கா வாரி எடுத்தார், கண்ணைத் துடைத்தார், முட்டியை ஊதினார். எல்லாம் முடிந்த பிறகு, "அத்தை, கண்ணு. நானு அத்தை. அம்மா பொட்டியில பேசுதுல்ல, அதுதான்" என்றார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. "அம்மான்னே கூப்பிட்டுட்டுப் போகட்டுமே அக்கா" என்றேன்.

அவர் மகளை இறக்கிவிட்டுக் கதவோரம் போய் நின்றார். பிறகு, "எனக்கும் கேக்க ஆசையாத்தானுங்க இருக்குது. ஆனா இந்த ஒரு வார்த்தையக் கேக்கத்தான அங்க ஒருத்தி உசுரக் கையில புடிச்சுட்டு இருக்கறா. அத நான் வாங்கிக்கிட்டா ஆகுமுங்களா, தம்பி?" என்றார்.

ஒருவழியாக அமெரிக்கத் தூதரகத்திலிருந்து சென்னைக்கு விசா இன்டர்வியூவுக்கு வரச்சொன்னார்கள். மகளையும் தூக்கிக்கொண்டு போனேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் மொழிபெயர்க்க இருந்த பெண்மணி, மனைவியின் போட்டோவைக் காட்டி, "யாரும்மா இது?" என்று மகளிடம் சிரித்தபடி கேட்டார். அவள் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். எனக்கு வேர்த்துவிட்டது. நல்லவேளை, காகிதங்கள் சரியாக இருந்தன, விசா கிடைத்தது. ஆனால் ஊர் திரும்புகிற பஸ்ஸில் எனக்குச் சந்தோஷமே வரவில்லை. போட்டோவையே தெரியவில்லையே, ஆளை எப்படித் தெரியும்?

கிளம்புகிற அன்று டேப் ரிக்கார்டரை அக்காவிடமே கொடுத்தேன். மகள் அவர் சேலையைப் பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்றாள். ஒவ்வொரு விரலாக அக்காவே பிரித்தெடுத்தார். "போ சாமி. அம்மா அங்க சோறு பெசஞ்சு வெச்சுட்டு உக்காந்திருக்குது, போ" என்று பஸ்ஸில் ஏற்றிவிட்டு, விறுவிறுவென்று நடந்து போனார். திரும்பிப் பார்க்கவில்லை.

அமெரிக்க விமான நிலையத்தில் கனத்த கோட்டு போட்டுக்கொண்டு மெலிந்த பெண் ஒருத்தி கூட்டத்துக்கு நடுவே நின்றிருந்தாள். எனக்கே ஒரு நொடி அடையாளம் தெரியவில்லை. மகள் என் கழுத்தை இறுக்கிக்கொண்டாள். மனைவி குழந்தையைப் பிடுங்கவில்லை. எதிரே வந்து நின்று, நடுங்குகிற குரலில், "வந்துட்டியா சாமி?" என்றாள்.

மகள் சட்டென்று திரும்பினாள். அந்த முகத்தையே உற்றுப் பார்த்தாள். பிறகு வாயை 'ஆ' என்று அகலமாகத் திறந்தாள்.

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு அழுதபடி கைப்பையைத் துழாவி, ஒரு பிஸ்கட்டை எடுத்து விண்டு ஊட்டினாள். மகள் நிதானமாக மென்றாள். முழுங்கினாள். மறுபடியும் வாயைத் திறந்தாள். இரண்டாவது வாய் உள்ளே போனதும், ஏதோ காலையில்தான் பார்த்துப் பிரிந்தவள் மாதிரி, "அம்மா, தண்ணி" என்றாள்.

அங்கிருந்து நாங்கள் அக்காவுக்கு அனுப்பிய முதல் கேசட்டில் மகள் மட்டும்தான் பேசினாள். "அத்தை, சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்காக நேரம் விட்டுக் காத்திருந்தாள்.

மகள் இன்றும் என் மனைவியை "அம்மா" என்று கூப்பிடும்போதெல்லாம், தேடி வந்த அந்த வார்த்தையைத் தனக்கென்று வைத்துக்கொள்ளாமல், உரியவளுக்காக மூன்று வருஷம் பத்திரமாகக் காத்துக் கொடுத்த அந்த அக்கா கதவோரம் நின்றதுதான் என் கண்ணுக்குள் வருகிறது.