டிவியில் தெரிந்த அண்ணன்

வளைகுடாத் துறைமுகத்தில் வேலை பார்த்த அண்ணன் மின்னஞ்சலில் ஒரு புகைப்படம் அனுப்பியிருந்தான். கண் மங்கிய அம்மாவுக்காகக் கணினியை எங்கள் ராயபுரம் வீட்டுப் புது டிவியில் இணைத்தேன். படம் அகலமாக இழுபட்டு, ஓரங்கள் வெட்டுப்பட்டுத் தெரிந்தது.

“இன்னாடா, மூஞ்சி இப்டி வீங்கிக்கீது?” என்று அம்மா பதறினாள்.

“அது டிவி கோளாறும்மா” என்று சொல்லி, டிவிக்கேற்ற ரெசல்யூஷனை, அதாவது படத்தின் அகல உயர அளவை, கணினியில் நானே எண்களாகத் தட்டிக் கொடுத்தேன். முகம் சரியானது. வெட்டுப்பட்ட ஓரமும் உள்ளே வந்தது. அங்கே சுவரில் ஓர் ஊன்றுகோல் சாய்ந்திருந்தது.

“போன் போடு” என்றாள் அம்மா.

நல்லாத்தான் இருக்கிறேன் என்று அண்ணன் சாதித்தான். அம்மா ஊன்றுகோலைப் பற்றிக் கேட்டதும் அழுதுவிட்டான். சரக்குப் பெட்டி சரிந்து கால் நசுங்கியிருந்தது.

“வூட்டுக்கு வந்துர்றா நைனா” என்றாள் அம்மா.